அந்தரங்க அறிக்கை: யாரிடமிருந்து மறைக்கிறது?

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் அலுவலகங்களில் வேலை செய்பவர்களுக்கு அந்தக் கடித உறை பழக்கமானது. உறைக்குள் இன்னோர் உறை, உள்ளே இருப்பதன் மூலையில் சிவப்பு மையில் ‘அந்தரங்கம்’ என்றொரு முத்திரை. மேலதிகாரி எழுதும் செயலாற்றுகை மதிப்பீடு பல இடங்களில் இப்படித்தான் மேலே போகும். பேச்சில் அது ‘கொன்பிடென்ஷல்’. ஆள் அதே நிறுவனத்துக்குள் வேறு கிளைக்கோ வேறு பிரிவுக்கோ விண்ணப்பிக்கும் நாளில்தான் இந்தச் சொல் சிக்கலைக் கிளப்பும்.

முதலில் சொல்லின் பிறப்பு. அந்தரங்கம் வடசொல். ‘அந்தர்’ என்றால் உள்ளே, ‘அங்கம்’ என்றால் உறுப்பு. ‘அந்த அரங்கம்’ என்று பிரித்துக் கதை சொன்னால் சிரித்துவிட்டு விட்டுவிடலாம். எதிர்ச்சொல் பகிரங்கம். அதன் ‘பகிர்’ வெளியே என்று பொருள்படும் ‘பஹிர்’. பங்கிடுவதைக் குறிக்கும் தமிழ்ப் ‘பகிர்’ வினைக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஆனால் ரான்ஸ்பர் கடிதம் வருமட்டும் சனம் படுகிற ‘அந்தரம்’ இருக்கிறதே, அது அந்தரங்கத்துக்குத் தூரத்துச் சொந்தம்தான்.

சிக்கல் எங்கே என்றால், ஆங்கிலத்தில் இரண்டு சொற்களாக நிற்பவை நம்மிடம் அந்தரங்கம் என்ற ஒன்றுக்குள் போய் அடைபடுகின்றன. ஒன்று கொன்பிடென்ஷல். நம்புவதைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. நம்பி ஒருவரிடம் ஒப்படைத்ததை அவர் வெளியே விடக்கூடாது. இது வைத்திருப்பவரின் கடமை. மற்றது பிரைவேசி. பிரித்து வைப்பதைக் குறிக்கும் லத்தீன் வேர். என் சங்கதியில் ஊர் தலையிடாதே என்று சொல்லும் உரிமை; இது சம்பந்தப்பட்டவருடையது. கடமையும் உரிமையும் ஒரே முத்திரைக்குள் போனால் யாரிடமிருந்து எதை மறைக்கிறோம் என்பது மங்கிவிடும்.

புதுக்குடியிருப்பில் உள்ள ஒரு கிளையில் வேலை செய்யும் பெண் வவுனியாக் கிளையின் உள்ளக வெற்றிடத்துக்கு விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வவுனியா முகாமையாளர் அவருடைய பழைய மதிப்பீடுகளைக் கேட்டு எடுக்கிறார். அதில் ‘பொறுப்பேற்கத் தயங்குபவர்’ என்று ஒரு வரி. தெரிவு கிடைக்கவில்லை. காரணம் கேட்டால் ‘அது அந்தரங்கம்’ என்று பதில். இதற்கிடையில் இவர் விண்ணப்பித்த கதை புதுக்குடியிருப்புக் கன்ரீன்வரை வந்துவிட்டது. ஊர்வாயை மூட உலைமூடி ஏது? கடைசியில் அந்த வரியை வாசிக்காத ஆள் அது யாரைப் பற்றியதோ அவர் மட்டும்தான். இங்கே காக்கப்பட்டது எழுதியவரின் வசதி. எழுதப்பட்டவரின் அந்தரங்கம் அல்ல.

இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க இந்திய உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகள் உதவும். 2008இல் தேவ் தத் வழக்கில், அரச ஊழியரின் வருடாந்த அந்தரங்க அறிக்கையில் எழுதப்படும் ஒவ்வொரு பதிவும், நல்லதோ கெட்டதோ, அவருக்கே தெரிவிக்கப்பட வேண்டும் என்றது. 2012இல் கிரிஷ் தேஷ்பாண்டே வழக்கில், ஊழியரின் செயலாற்றுகை அவருக்கும் வேலை கொடுப்பவருக்கும் இடைப்பட்ட சங்கதி, பெரிய பொதுநலன் இல்லாமல் வெளியாருக்குக் கொடுக்கத் தேவையில்லை என்றது. அதாவது திரை ஊருக்கு உண்டு, உரியவருக்கு இல்லை.

இலங்கையில் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 5(1)(அ) பிரிவும் இந்தப் பக்கம்தான் சாய்கிறது. ஒருவரின் அந்தரங்கத்தில் தேவையின்றித் தலையிடும் தகவலை மறுக்கலாம். பொதுநலன் மேலோங்கினாலோ சம்பந்தப்பட்டவர் எழுத்தில் சம்மதித்தாலோ கொடுக்கலாம். சம்மதம் யாருடையது என்று பாருங்கள். ஆனால் இது அரச அலுவலகங்கள் போன்ற பகிரங்க அதிகாரசபைகளுக்கானது. சாதாரண தனியார் நிறுவனத்தின் உள்விவகாரத்துக்கு அதைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அங்கே கேட்க வேண்டியது மனிதவளப் பிரிவிடம், அதுவும் விண்ணப்பிக்க முதல்.

சரி, தமிழில் எப்படி எழுதலாம்? தமிழ்நாட்டு அரசு எழுத்தில் கொன்பிடென்ஷலுக்கு ‘மந்தணம்’ உண்டு. நம் பக்கம் அது வேரூன்றவில்லை. ‘மறை’ பழைய சொல், குறளிலேயே ‘அருமறை சோரும் அறிவிலான்’ என்று வருகிறது, ஆனால் இன்று மறை என்றால் வேதம்தான் முதலில் காதில் விழும். ‘கமுக்கம்’ அழகான தமிழ், கொஞ்சம் கள்ளத்தனம் மணக்கும். ‘தனியுரிமை’ பத்திரிகைகளில் பிரைவேசிக்கு நிலைத்துவிட்டது. எனக்கென்னவோ அது ஒருவர் மட்டும் அனுபவிக்கும் வியாபார உரிமைபோலத்தான் கேட்கிறது. என் தெரிவு இது: ஆளின் உரிமைக்கு அந்தரங்கம் இருக்கட்டும், வடசொல்லானாலும் பழகிய சொல். உறையின் முத்திரைக்கு மட்டும் ‘உரியவர் பார்வைக்கு மட்டும்’ என்று எழுதலாம். அப்போது உரியவர் யார் என்ற கேள்வியும் கூடவே வரும்.

விண்ணப்பக் கடிதத்தில் இப்படி ஒரு வரி சேர்க்கலாம்: ‘எனது செயலாற்றுகை மதிப்பீட்டைத் தெரிவுக் குழு பார்வையிடச் சம்மதிக்கிறேன், அதன் பிரதியொன்றை அதற்கு முன்னர் எனக்கும் தந்துதவவும்.’