அட்டவணை அன்று, பொருளடைவு

கட்டற்ற மென்பொருள் ஒன்றின் தமிழ்க் கையேட்டில் ‘மேலும் அறிய அட்டவணையைப் பார்க்க’ என்றொரு வரி. அந்நூலில் எண்ணிட்ட அட்டவணைகளே பல உள்ளன. எந்தச் செய்தி எந்தப் பக்கத்தில் என்று காட்டும், கடைசிப் பக்கங்களில் உள்ள இண்டெக்ஸ் பகுதிக்கும் அதே பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். எதைப் பார்ப்பது? இண்டெக்சுக்கு வேறு தமிழ்ச் சொல் வேண்டும்.

இலத்தீனில் இண்டெக்ஸ் என்பது சுட்டு விரல். பிறகு எதையும் சுட்டிக் காட்டுவது. அட்டவணை மராத்தி வழி வந்த சொல். அயற்சொல் என்பதற்காக நான் அதை விலக்கவில்லை; கால அட்டவணை, விலை அட்டவணை என்று ‘டேபிள்’ என்னும் பொருளில் அது ஊன்றிவிட்டது என்பதே தடை. ‘சுட்டி’ வேர்ப்பொருளுக்கு நெருங்கியதுதான், ஆனால் கணித்தமிழில் மவுசுக்கும் அதுவே பெயர். குறும்புக் குழந்தையும் சுட்டிதான்.

வலுவான போட்டிச்சொல் ‘சொல்லடைவு’. புலமையுலகில் மதிப்புடைய சொல் என்பதால் பலர் அதையே பரிந்துரைக்கின்றனர். ஆயினும் திருக்குறள் சொல்லடைவு என்றால், குறளில் உள்ள சொற்கள் எங்கெங்கே வருகின்றன என்று காட்டும் நூல். நூலில் இல்லாத சொல்லுக்கு அதில் இடமில்லை. மென்பொருள் கையேட்டின் தேவையோ நேர்மாறானது. யூனிக்ஸ் இயங்குதளத்தில் கோப்பை நீக்கும் கட்டளை ‘ஆர்எம்’. அப்பெயரை அறியாதவர்தான் கையேட்டைத் திறக்கிறார், அவர் ‘அழித்தல்’ என்றே தேடுவார். நூலாசிரியர் ஓரிடத்திலும் அச்சொல்லை எழுதியிராவிட்டாலும், ‘அழித்தல்: காண்க, நீக்கல்’ என்ற பதிவு அங்கே இருந்தாக வேண்டும். குனூ என்னும் கட்டற்ற மென்பொருள் திட்டத்தின் டெக்ஸ்இன்ஃபோ என்னும் ஆவண முறை, கட்டளைகளுக்கும் மாறிகளுக்கும் விசைகளுக்கும் உரிய பதிவுகளோடு கருத்துகளுக்கெனத் தனி வகை ஒன்றையும் வைத்திருப்பது இதற்காகவே. இப்பதிவுகள் திரட்டுவது சொல்லை அன்று, பொருளை. ஆகவே ‘பொருளடைவு’ என்பதே தகும். பொருளடக்கத்தோடு குழம்பும் என்பார்கள். ஒன்று நூலின் முகப்பில் இயல் வரிசையில் நிற்பது, மற்றது இறுதியில் அகர வரிசையில் நிற்பது. ஒருமுறை புரட்டியவருக்குக் குழப்பம் வராது. (ஈழத்தில் அடைவு என்றதும் அடகுக்கடை நினைவுக்கு வரலாம், அது வேறு அடைவு.)

அடைவு என்றால் முறை, ஒழுங்கு. அந்த ஒழுங்கையும் நம் மொழிபெயர்ப்பாளர்கள் மென்பொருளிடமே விட்டுவிடுகிறார்கள். கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் தரப்பட்டுள்ள யூனிகோடு குறியெண்களின் வரிசையில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், ளகரம் ழகரத்துக்கு முன்னும் நிற்கின்றன. தமிழுக்குரிய வரிசை விதியைக் கொடுக்காமல் அடுக்கினால் அனுப்புதல், அமைப்பு, அறிவிப்பு, அளவு, அழித்தல் என்று வந்து நிற்கும். நம் நெடுங்கணக்கின்படி அமைப்பு, அழித்தல், அளவு, அறிவிப்பு, அனுப்புதல் என்றே வர வேண்டும். அழித்தலை அளவுக்கு முன்னால் தேடிப் பார்த்துவிட்டு, அப்படியொரு பதிவே இல்லையென்று வாசகர் கையேட்டை மூடிவிடுகிறார்.