செல்லுக்குள் ஒரு பழைய சாட்சி

உயிரும் பிரபஞ்சமும் எப்படித் தோன்றின என்று அறிவியலால் சொல்ல முடியுமா? தடயம் மிஞ்சியிருக்கும் இடம்வரை சொல்ல முடியும். அந்தத் தடயங்கள் நாம் நினைப்பதைவிட வெகு பின்னால் வரை போகின்றன.

1964-ல் அமெரிக்க வானியலாளர்கள் பென்சியாஸும் வில்சனும் தங்கள் ரேடியோ ஆண்டெனாவை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே இரைச்சல். உள்ளே தங்கியிருந்த புறாக்களை விரட்டி, எச்சத்தைச் சுரண்டிக் கழுவியும் அது ஓயவில்லை. பிரபஞ்சம் தொடங்கிய பெருவெடிப்புக்கு 3,80,000 ஆண்டுகள் கழித்துப் புறப்பட்ட ஒளிதான் ரேடியோ அலையாக அப்படி வந்துகொண்டிருந்தது. பிரபஞ்சத்தின் 1,380 கோடி ஆண்டு வரலாற்றில் அவ்வளவு தொடக்கத்தை நாம் நேரடியாகவே பார்த்துவிட்டோம்.

உயிருக்கு அப்படியொரு ஒளி கிடையாது. 1952-ல் அமெரிக்க வேதியியலாளர் ஸ்டான்லி மில்லர் கண்ணாடிக் குடுவையில் நீரைக் கொதிக்கவைத்து, ஆதிப் பூமியின் காற்று என்று அப்போது கருதப்பட்ட மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன் கலவையில் மின்பொறி பாய்ச்சினார். மறுநாளே நீர் இளஞ்சிவப்பானது. ஒரு வாரத்தில் கலங்கிய அடர்சிவப்பு. அதில் புரதங்களின் செங்கற்களான அமினோ அமிலங்கள் இருந்தன. ஆதிப் பூமியின் காற்று அதே கலவையாக இருந்திருக்காது என்பது இன்றைய கருத்து. ஆனாலும் 1969-ல் ஆஸ்திரேலியாவில் விழுந்த மர்ச்சிசன் விண்கல்லிலும் அமினோ அமிலங்கள் கிடைத்தன. செங்கல் கிடைப்பது அரிதல்ல. வீடு எழும்புவதுதான் பெரிய காரியம்.

மரபுக் குறிப்பைச் சுமக்கும் டி.என்.ஏ. தன்னை நகலெடுக்கப் புரதம் வேண்டும். புரதம் உருவாக டி.என்.ஏ.வின் குறிப்பு வேண்டும். எது முந்தியது? இதற்கான துப்பு நம் செல்லுக்குள்ளேயே கிடக்கிறது. அமினோ அமிலங்களைக் கோத்துப் புரதமாக்கும் பட்டறை ரைபோசோம். 2000-ல் அதன் அமைப்பை அணு அணுவாகப் பார்த்தபோது, கோக்கும் வேலை நடக்கும் மையத்தில் புரதமே இல்லை, முழுக்க ஆர்.என்.ஏ. டி.என்.ஏ.வின் உறவு மூலக்கூறு அது; குறிப்பையும் சுமக்கும், வேலையும் செய்யும். புரதங்களுக்கு முன்பே ஆர்.என்.ஏ. இருந்தது என்பதற்கு இதைவிட அழகான சாட்சியம் எனக்குத் தெரியவில்லை.

அந்த முதல் ஆர்.என்.ஏ. எங்கே உருவானது? கடலடி வெந்நீர் ஊற்றுகளில் என்கிறார்கள் சிலர். நிலத்துக் குட்டைகளில் என்கிறார்கள் வேறு சிலர். என் மனம் குட்டையின் பக்கமே சாய்கிறது. ஆர்.என்.ஏ. சங்கிலியில் ஒவ்வொரு கண்ணி சேரும்போதும் ஒரு நீர் மூலக்கூறு வெளியேற வேண்டும். சுற்றிலும் நீர் சூழ்ந்த கடலில் அது கடினம். வெயிலில் வற்றி, மழையில் மறுபடி நிறையும் குட்டையில், வற்றும் ஒவ்வொரு முறையும் சங்கிலி கொஞ்சம் நீள வாய்ப்புண்டு.