கேர் டிபெண்டன்சி க்ரான்ட்: ஆட்டிசம் பிள்ளைங்க இருக்கற வீட்டுக்கு சவுத் ஆஃப்ரிக்காவுல என்ன கிடைக்கும், எப்படி கேக்கணும்

போன ஞாயித்துக்கிழமை டர்பன் சாட்ஸ்வொர்த்ல கோயில் ஹால்ல சாப்பாடு முடிஞ்சு பாத்திரம் கழுவிட்டு இருந்தோம், அப்ப ஒரு அக்கா பக்கத்துல வந்து மெதுவா கேட்டாங்க, "தங்கச்சி, பேத்திக்கு ஆட்டிசம்னு ஆஸ்பத்திரியில எழுதிக் குடுத்துட்டாங்க, அப்ப சாசால பணம் வந்துடும்ல?"னு. சாசான்னா கவர்மென்ட் உதவிப் பணம் (க்ரான்ட்) குடுக்கற ஆஃபீஸ். வரும்னும் சொல்ல முடியல, வராதுன்னும் சொல்ல முடியல. இதே கேள்வி மாசத்துக்கு ரெண்டு தடவையாவது வருது, அதனால தெரிஞ்சதை ஒரே இடத்துல எழுதி வச்சிடலாம்னு உக்காந்துட்டேன். இங்கயே பொறந்து வளந்தவங்களுக்கு இந்த பேப்பர் எல்லாம் இங்கிலீஷ்ல படிச்சுக்க முடியும், ஊர்லேருந்து கல்யாணம் ஆகி வந்தவங்க, பேரப்பிள்ளைய பாத்துக்க வந்த அம்மாங்க, இவங்களுக்குத்தான் இது.

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும். ஆட்டிசத்துக்குன்னு தனி க்ரான்ட் எதுவும் கிடையாது. இருக்கறது கேர் டிபெண்டன்சி க்ரான்ட், 2004ல வந்த சோஷியல் அசிஸ்டன்ஸ் ஆக்ட் கீழ வர்றது, 18 வயசுக்கு கீழ இருக்கற பிள்ளைக்கு. அந்த சட்டம் என்ன வியாதின்னு கேக்கல. உடம்புலயோ மனசுலயோ இருக்கற குறையால பிள்ளைக்கு நிரந்தரமா கவனிப்பு தேவைப்படுதா, அந்த கவனிப்ப வீட்டுல யாராவது குடுத்துட்டு இருக்காங்களா, இதைத்தான் கேக்குது. ஆட்டிசம்னு எழுதின பேப்பர் கையில இருந்தும் ரிஜெக்ட் ஆனவங்க இருக்காங்க, பேர் தெரியாத ஏதோ சிண்ட்ரோம் இருக்கற பிள்ளைக்கு முதல் தடவையே கிடைச்சிருக்கு.

பணம் எவ்வளவுன்னா, 2025 ஏப்ரல்ல மாசம் 2,310 ராண்ட் இருந்துச்சு, அந்த அக்டோபர்ல 10 ராண்ட் ஏத்தி 2,320 ஆக்கினாங்க. வருஷா வருஷம் பிப்ரவரி மார்ச்ல பட்ஜெட்ல சொல்லுவாங்க, ஏப்ரல்லேருந்து மாறும். ரெண்டு பிள்ளைக்கு குறை இருந்தா ரெண்டு க்ரான்ட், ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா. ஆனா இதே பிள்ளைக்கு சைல்ட் சப்போர்ட் க்ரான்ட்டும் (வருமானம் கம்மியான வீட்டு பிள்ளைங்களுக்கு பொதுவா குடுக்கறது) சேத்து வாங்க முடியாது, ஏதாவது ஒண்ணுதான்.

வருமானக் கணக்கு வேற இருக்கு. இதை கேட்டு பயந்துட்டே நிறைய பேர் போறதில்ல, ஆனா இந்த க்ரான்ட்ல வரம்பு நல்லா உயரமாவே இருக்கு. 2025 ஏப்ரல் கணக்குப்படி தனியா வளக்கறவங்கன்னா வருஷம் 2,77,200 ராண்ட் வரைக்கும் (மாசத்துக்கு 23,100), கல்யாணம் ஆனவங்கன்னா ரெண்டு பேர் வருமானமும் சேத்து 5,54,400 வரைக்கும். கூட்டிக் கழிச்சு பாத்தா தனி ஆளுக்கு க்ரான்ட் தொகையோட பத்து மடங்கு, ஜோடிக்கு இருபது மடங்கு. ஃபாஸ்டர் பேரன்ட்டா (வேற ஒருத்தர் பிள்ளைய கோர்ட் உத்தரவோட வளக்கறவங்க) இருந்தா வருமானமே பாக்க மாட்டாங்க. ஸ்கூல் டீச்சர், நர்ஸ், கடையில மேனேஜர் வேலை பாக்கறவங்க கூட இதுக்குள்ள வருவாங்க, "நமக்கெல்லாம் எங்க குடுக்கப் போறான்"னு வீட்டுலயே முடிவு பண்ணிடாதீங்க.

யார் கேக்கலாம்னா பெத்தவங்க, ஃபாஸ்டர் பேரன்ட், இல்ல பிள்ளைய தினமும் பாத்துக்கற பாட்டியோ அத்தையோ. பிள்ளையும் கேக்கறவங்களும் இந்த நாட்டுல இருக்கணும், சிட்டிசன், பெர்மனன்ட் ரெசிடன்ட், இல்ல அகதின்னு அந்தஸ்து வாங்கினவங்களா இருக்கணும். ஜோபர்க்ல கம்பெனி விசாவுல வந்து ஐடி வேலை பாக்கற நம்ம ஆளுங்களுக்கு இது கிடையாது, எத்தனை வருஷம் டாக்ஸ் கட்டியிருந்தாலும் பிஆர் வந்த பிறகுதான். கவர்மென்ட் செலவுல நடக்கற ஹோம்ல பிள்ளை ஆறு மாசத்துக்கு மேல முழு நேரமா இருந்தாலும் கிடையாது. தினமும் ஸ்கூலுக்கு போய்ட்டு வர்ற பிள்ளைக்கு தாராளமா கேக்கலாம், இதையும் நிறைய பேர் தப்பா நினைச்சுட்டு இருக்காங்க.

அப்ளை பண்றது ஃப்ரீ. யாராவது "நான் ஃபார்ம் போட்டுத் தரேன், 300 குடு"ன்னா துரத்தி விடுங்க, ஃபார்மை நீங்களோ சாசா ஆஃபீசரோதான் நிரப்பணும். உங்க ஐடி, பிள்ளையோட பர்த் சர்டிஃபிகேட், கல்யாண சர்டிஃபிகேட் இல்ல டிவோர்ஸ் பேப்பர், பேஸ்லிப், மூணு மாச பேங்க் ஸ்டேட்மென்ட் கொண்டு போங்க. பழைய ஆஸ்பத்திரி ஃபைல், ஸ்பீச் தெரபி ரிப்போர்ட், ஸ்கூல் டீச்சர் எழுதின லெட்டர் எதையும் வீட்டுல வச்சுட்டுப் போகாதீங்க. மெடிக்கல் ரிப்போர்ட் மூணு மாசத்துக்கு மேல பழசா இருக்கக் கூடாது. தேதியும் ஸ்டாம்ப்பும் போட்ட ரசீது ஒண்ணு தருவாங்க, அதை பத்திரமா வைங்க, ஏன்னா க்ரான்ட் ஓகே ஆச்சுன்னா அப்ளை பண்ண அந்த தேதியிலேருந்து கணக்கு போட்டு பணம் தருவாங்க.

இப்ப முக்கியமான இடத்துக்கு வரேன், கவர்மென்ட் டாக்டர் அசெஸ்மென்ட். இங்கதான் நான் கோட்டை விட்டேன்.

என் பையனுக்கு அப்ப ஏழு வயசு. டாக்டர் கேட்டாரு, சாப்பிடுவானான்னு. சாப்பிடுவான் டாக்டர்னேன். பேசுவானான்னாரு, நல்லா பேசுவான், தேவாரம் கூட முழுசா பாடுவான்னு பெருமையா சொன்னேன், அவனும் நல்ல பிள்ளையா அன்னிக்கு பாத்து ஒரு வரி பாடியே காமிச்சான். நம்ம பிள்ளைய வெளி ஆள் முன்னாடி விட்டுக் குடுக்க மனசு வருமா? பத்து நிமிஷம் கூட ஆகல, முடிஞ்சு போச்சு, கொஞ்ச நாள்ல ரிஜெக்ட்னு லெட்டர் வந்துச்சு. அந்த டாக்டர் மேல கோவம் வந்தது உண்மைதான், ஆனா யோசிச்சு பாத்தா அவர்கிட்ட நான் சொன்னது எல்லாமே பாதி. சாப்பிடுவான், ஆனா வெள்ளை சோறும் அப்பளமும் மட்டும்தான், தட்டுல குழம்பு ஒரு சொட்டு பட்டா அந்த வேளைக்கு பட்டினி. தேவாரம் பாடுவான், ஆனா வயிறு வலிக்குதுன்னு சொல்லத் தெரியாது, சுவத்துல தலைய முட்டிப்பான். ராத்திரி எழுந்து கதவத் திறந்து ரோட்டுக்கு போயிடுவான்னு மேல ஒரு தாழ்ப்பா, கீழ ஒரு தாழ்ப்பா, நான் வாசப்படிகிட்ட பாய் போட்டு படுத்துக்கறது. நகம் வெட்ட ரெண்டு பேர் பிடிக்கணும். அவனுக்காக நான் வேலைய விட்டேன். இதுல ஒண்ணு கூட நான் வாயத் திறந்து சொல்லல.

அதனால இப்ப யார் கேட்டாலும் ஒரு நோட்டு வாங்குங்கன்னுதான் சொல்றேன். ரெண்டு வாரம் எழுதுங்க. காலைல எழுந்ததுலேருந்து பிள்ளைக்கு நீங்க என்னென்ன செஞ்சீங்க, எவ்வளவு நேரம் ஆச்சு, ராத்திரி எத்தனை தடவை எழுந்தீங்க, அதே வயசுல பக்கத்து வீட்டு பிள்ளை தானா செய்யறது எதை உங்க பிள்ளைக்கு நீங்க செய்யறீங்க. பொய் எழுத வேணாம், கூட்டி எழுதவும் வேணாம், மோசமான நாளையும் மறைக்காம எழுதினா போதும். டாக்டருக்கு டைம் கிடையாது, அந்த நோட்ட நீட்டினா ஒரு பக்கமாவது புரட்டுவாங்க. நல்லா பேசற ஆட்டிசம் பிள்ளைங்கதான் இங்க அதிகமா அடிபடறாங்க, வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாதே.

ரிஜெக்ட் ஆனா காரணத்த எழுத்துல கேளுங்க. லெட்டர் வந்த நாள்லேருந்து 90 நாளைக்குள்ள அப்பீல் போடலாம், அது சாசாவுக்கு போகாது, சோஷியல் டெவலப்மென்ட் டிபார்ட்மென்ட்ல அதுக்குன்னு தனி ட்ரிப்யூனல் இருக்கு. அப்பீல் போட மனசில்லன்னா புது ரிப்போர்ட்டோட மறுபடி முதல்லேருந்து அப்ளை பண்ணலாம், நான் அப்படித்தான் வாங்கினேன். சாசாவோட ஃப்ரீ நம்பர் 0800 60 10 11, காத்திருக்கணும்.

டிஸ்லெக்ஸியா மாதிரி வெறும் கற்றல் குறைபாடு மட்டும் இருக்கற பிள்ளைக்கு இந்த க்ரான்ட் வர்றது கஷ்டம், உண்மைய சொல்லிடறேன். அவங்களுக்கு உதவி ஸ்கூல் வழியாத்தான். 2014லேருந்து சயாஸ்னு ஒரு பாலிசி இருக்கு, பிள்ளை தடுமாறுதுன்னா டீச்சர் எஸ்என்ஏ 1னு ஒரு ஃபார்ம்ல எழுத ஆரம்பிக்கணும், அப்புறம் ஸ்கூல்ல இருக்கற சப்போர்ட் டீம், அதுக்கும் மேலன்னா டிஸ்ட்ரிக்ட் டீம். ஸ்பெஷல் ஸ்கூல்ல இடம் கேக்கறதுக்கும் இதே வழிதான். "எஸ்என்ஏ ஃபார்ம் போட்டாச்சா மேடம்?"னு நீங்க போய் கேட்டாலே அவங்க நிமிந்து உக்காருவாங்க. பரீட்சையில எக்ஸ்ட்ரா டைம், கேள்விய படிச்சுக் காட்ட ஆள், சொல்லச் சொல்ல எழுத ஆள், இதெல்லாம் வாங்கலாம், ஆனா மெட்ரிக் (இங்க பன்னெண்டாவது) வருஷத்துல போய் கேட்டா லேட். மூளை வளர்ச்சி ரொம்ப கம்மியா இருக்கற பிள்ளைங்களுக்கு படிப்பே தேவையில்லன்னு யாராவது சொன்னா, 2010ல வெஸ்டர்ன் கேப் ஹைகோர்ட் அது அவங்க உரிமைய மீறறதுன்னு தீர்ப்பு சொல்லியாச்சு.

டாக்ஸ் கட்டறவங்களுக்கு இன்னொண்ணு. ஐடிஆர்-டிடின்னு ஒரு ஃபார்ம் இருக்கு, பிள்ளையோட குறைய டாக்டர் உறுதி பண்ணி கையெழுத்து போட்டா, கையிலேருந்து போன தெரபி, மருந்து மாதிரி சார்ஸ் (வரி ஆஃபீஸ்) ஒத்துக்கற செலவுல 33.3 சதவீதம் வரியில கழியும். ஃபார்மை ரிட்டர்னோட அனுப்ப வேணாம், கேட்டா காட்டணும், ரசீதும் அப்படியே. வரியே கட்டாத வீட்டுக்கு இதுல ஒரு சென்ட் பிரயோஜனம் இல்ல.

கடைசியா 18 வயசு. அந்த மாசத்தோட கேர் டிபெண்டன்சி க்ரான்ட் நின்னுடும், தானா டிசெபிலிட்டி க்ரான்ட்டா மாறாது. பிள்ளை பேர்ல புதுசா அப்ளை பண்ணணும், மறுபடி டாக்டர், இந்த தடவை கேள்வி வேற, குறையால வேலைக்கு போய் சம்பாதிக்க முடியாதான்னு பாப்பாங்க. தொகை அதேதான். இதுல அப்பா அம்மா வருமானத்த பாக்கறதே இல்ல, பிள்ளையோட வருமானம், சொத்து, கல்யாணம் ஆகியிருந்தா ஜோடியோடது, அவ்வளவுதான். சின்ன வயசுல சம்பளம் ஜாஸ்தின்னு கிடைக்காத வீடுங்க 18ல கட்டாயம் போகணும். அதுக்கு மேல, வேற ஒருத்தர் எப்பவும் கூடவே இருந்து பாத்துக்கற நிலைமைன்னா க்ரான்ட்-இன்-எய்ட்னு கூட 560 ராண்ட் (2025 ஏப்ரல் கணக்கு), இது கேர் டிபெண்டன்சியோட சேராது, டிசெபிலிட்டி வந்த பிறகுதான். தாத்தா பாட்டி பாசத்துல வீட்ட நேரா அந்த பிள்ளை பேருக்கே எழுதி வச்சிடறாங்க, பிள்ளை அந்த வீட்டுல குடியிருக்கலன்னா அது பிள்ளையோட சொத்தா கணக்குல ஏறலாம், உயில் எழுதறதுக்கு முன்னாடி வக்கீல்கிட்ட ஸ்பெஷல் ட்ரஸ்ட் (பிள்ளைக்காக சொத்த வேற ஆள் பொறுப்புல வைக்கற ஏற்பாடு) பத்தி ஒரு வார்த்தை கேட்டுக்கங்க.

அந்த அக்காவுக்கு நோட்டு நானே வாங்கிக் குடுத்தேன். செவ்வாய்க்கிழமை போன்ல படிச்சுக் காட்டினாங்க, ரெண்டு நாளைக்கும் சேத்து ஒரே வரி: "பிள்ளை சமத்தா இருந்துச்சு." எங்க படுத்தீங்க அக்கான்னேன். "அவ கட்டில்கிட்ட கீழதான், ராத்திரி நாலு தடவ எழுந்துட்டா"ன்னாங்க. அதைத்தான் அக்கா எழுதணும்னேன்.