தேயிலை மலைக்கு மேலே வட்டமிடுவது எந்தப் பருந்து?

காலைக் கொழுந்தை நிறுத்து முடிக்கும் நேரம். தொழிற்சாலைத் தகரக் கூரைக்கு மேலே, பெரிய கரிய பறவை ஒன்று சிறகை ஒருமுறைகூட அடிக்காமல் வட்டமிட்டு உயர்கிறது. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நிற்பவர்களில் ஒருவர் அதைக் கழுகு என்பார், மற்றவர் ராசாளி என்பார், இன்னொருவர் போனை உயர்த்திப் படமெடுப்பார். படத்தில் வெள்ளை வானமும் நடுவில் கறுப்புப் புள்ளியுமாகவே தெரியும். அந்தப் படத்தை வைத்து நிறம் சொல்ல முடியாது. பறவையின் பெயரைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

இலங்கை மலைநாட்டில் வேட்டைப் பறவைகளை இனங்காண முயல்பவர்கள் தடுமாறுவதற்கு முதற்காரணம் நிறத்தைத் தேடுவதுதான். மூடுபனி ஒளிரும் வானத்துக்கு எதிரே எந்தப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும். ஒளி நன்றாக இருந்தாலும் நிறம் ஏமாற்றும். தேன்பருந்தின் அடிப்புறம் பாலாடை வெண்மையிலிருந்து ஏறக்குறையக் கறுப்பு வரை எப்படியும் இருக்கலாம். பல கழுகுகளின் குஞ்சுகள் தாய் தந்தையின் நிறத்துக்கு வரச் சில ஆண்டுகள் ஆகும். சிறகின் அமைப்பு அப்படி மாறுவதில்லை. அந்தப் பறவை எப்படி இரை தேடுகிறது என்பதே சிறகின் நீள அகலத்தைத் தீர்மானித்திருக்கிறது. ஆகவே நிழலுருவைப் படிக்கத் தெரிந்தால் போதும்.

பறவையின் எடையை அதன் சிறகுப் பரப்பால் வகுத்தால் வருவது சிறகுச் சுமை. சுமை குறைவாக இருந்தால் மிக மெதுவாகப் பறந்தாலும் கீழே விழாது, லேசான மேலெழும் காற்றிலும் ஏறிவிடும். அகன்ற சிறகுகளில் ஒரு சிக்கலும் உண்டு. சிறகின் கீழ்ப்புறம் அழுத்தம் கூடிய காற்று நுனியைச் சுற்றி மேற்புறத்துக்குப் புரண்டு சுழலாகிறது. அந்தச் சுழல் பறவையின் சக்தியைத் தின்கிறது. கடற்பறவைகள் மிக நீண்ட ஒடுங்கிய சிறகால் இதைச் சமாளிக்கின்றன. மரங்களுக்கிடையே இறங்கி ஏற வேண்டிய கழுகுக்கு அவ்வளவு நீளம் தொல்லை. அதனால் அது நுனி இறகுகளை விரல்களைப் போல அகட்டி வைக்கிறது. ஒரு பெரிய சுழல் பல சிறு சுழல்களாக உடைந்து, இழப்பு குறைகிறது. நுனியில் விரல்கள் தெளிவாகத் தெரிந்தால் அது வட்டமிட்டு வாழும் பறவை. நுனி கூராக முடிந்தால் வேகத்தை நம்பி வாழும் பறவை. சிறகு குட்டையாகவும் வட்டமாகவும் இருந்து வால் நீண்டிருந்தால், மரக்கிளைகளுக்குள் வளைந்து திரும்பிச் சிறு குருவிகளைப் பிடிக்கும் பறவை. இந்த மூன்று பிரிவுகளில் ஒன்றில் வைத்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது.

வேலைத்தளத்துக்கு மேலே அது ஏன் வருகிறது என்பதற்கும் காற்றுதான் பதில். காலை 8 மணி வரை பெரிய கழுகுகள் பெரும்பாலும் கிளையில் உட்கார்ந்தே இருக்கும். வெயில் ஏறியதும் தகரக் கூரை, தார் வீதி, கற்பாறை, கவ்வாத்து வெட்டி மண் தெரியும் மலை ஆகியவை, இலை மூடிய தேயிலையைவிட விரைவில் சூடாகும். பச்சை இலை நீரை ஆவியாக்கித் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது, தகரத்தால் அது முடியாது. சூடான இடத்திலிருந்து எழும் காற்றுத் தூணில் புகுந்து பறவை செலவில்லாமல் உயர்கிறது. ஆகவே தொழிற்சாலைக்கு மேலே சுற்றுவதைப் பார்த்ததும் அங்கே இரை இருக்கிறது என்று எண்ண வேண்டாம். மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேல் பருவக்காற்றில் மஸ்கெலியா, ஹட்டன் பக்கத்து மேற்குச் சரிவுகளில் வேறொன்றையும் பார்க்கலாம். காற்று மலையில் மோதி மேலே திரும்புவதால், வெயில் இல்லாத நாளிலும் கழுகு மலைமுகட்டுக்கு மேலே ஒரே இடத்தில் தொங்குவது போல நிற்கும்.

முதலில் பார்க்கும் சில நொடிகளை எப்படிச் செலவிடுவது? தலையை உயர்த்தியதும் சிறகை எப்படிப் பிடித்திருக்கிறது என்று பாருங்கள். நேராக எதிரே வரும்போதோ விலகிப் போகும்போதோ இது தெரியும்: இரு சிறகும் உடலைவிட உயர்ந்திருக்கின்றனவா, மட்டமாக இருக்கின்றனவா, நுனி தொங்குகிறதா. அடுத்து வாலின் நீளத்தைச் சிறகின் அகலத்தோடு ஒப்பிடுங்கள். பிறகு தலை, கழுத்து. கடைசியில்தான் பட்டைகளும் நிறமும். பறவை மறைந்த உடனே, புத்தகத்தைத் திறக்கும் முன்பே, பார்த்ததைக் கிறுக்கலாகவேனும் வரைந்து கொள்ளுங்கள். படத்தைப் பார்த்த பிறகு நினைவு அந்தப் படத்துக்கேற்ப வளைந்துவிடும்.

இப்போது அந்தக் கரிய பறவை. மலைநாட்டுத் தோட்டங்களில் இப்படி வியப்போடு பேசப்படுவது பெரும்பாலும் கருங்கழுகாகத்தான் இருக்கும். அது காட்டோரத் தோட்டங்களில் ஆண்டு முழுவதும் வாழும் பறவை, வெளிநாட்டு விருந்தாளி அல்ல. உடல் நீளம் 69 முதல் 81 சென்ரிமீற்றர், விரித்த சிறகு 148 முதல் 182 சென்ரிமீற்றர். இவ்வளவு பெரிய பறவையின் எடை 1 முதல் 1.6 கிலோதான். அதன் சிறகு உடலோடு சேரும் இடத்தில் ஒடுங்கி, வெளிப்புறம் அகன்று, அகப்பை போல விரியும். வேறெந்த மலைநாட்டுக் கழுகுக்கும் இந்த அமைப்பு இவ்வளவு தெளிவாக இல்லை. சிறகுகளைச் சற்று உயர்த்தி, விரல்களை மேல்நோக்கி வளைத்து, வாலை நீட்டி, மரஉச்சிகளைத் தொட்டுவிடும் உயரத்தில் நம்ப முடியாத மெதுவில் மிதந்து போகும். கிட்டே வந்தால் மஞ்சள் பாதமும் அலகின் அடியிலுள்ள மஞ்சள் தோலும் கறுப்பு உடலில் பளிச்சென்று தெரியும்.

அந்த மெதுவுக்குக் காரணம் உணவு. கருங்கழுகின் முக்கிய வேட்டை பறவைக் கூடுகள். மரக்கூரையின் ஒவ்வொரு கிளையையும் மேலிருந்து துழாவிப் பார்க்க, விழாமல் மெதுவாகப் பறக்க வேண்டும். பாதமும் அதற்கேற்ப அமைந்திருக்கிறது: வெளிவிரலும் அதன் நகமும் குட்டை, உள்விரல் நகம் மிக நீளம், நகங்களின் வளைவும் மற்றக் கழுகுகளைவிடக் குறைவு. முட்டையோ குஞ்சோ உள்ள கூட்டை அப்படியே கொத்தாக அள்ளி, பறந்துகொண்டே உள்ளிருப்பதைத் தின்னும். நிழல் மரங்களின் மேலாக அது வரும்போது கொண்டைக்குருவிகள் ஒரே சமயத்தில் கத்துவது இதனால்தான். அந்தக் கத்தல் பழகிவிட்டால், கழுகு மலைமுகட்டைத் தாண்டி வரும் முன்பே தலையைத் தூக்கத் தோன்றும்.

கருங்கழுகு என்று தவறாகச் சொல்லப்படுபவற்றில் முதலிடம் குடுமிப் பாம்புக்கழுகுக்கு. தோட்டங்களில் அடிக்கடி தென்படுவதும் இதுவே. இதுவும் சிறகை உயர்த்திப் பிடிக்கும். ஆனால் சிறகு முழுவதும் ஒரே அகலம், வட்டமான நுனி, வால் குட்டை. சிறகின் பின்விளிம்பையொட்டி ஓர் அகன்ற வெண்பட்டை ஓடும், வாலிலும் ஒன்று. வானம் எவ்வளவு மோசமாக இருந்தாலும் அந்த வெண்பட்டை வழியாக ஒளி ஊடுருவித் தெரியும். மேலே சுற்றும்போது சும்மா இராமல் தெளிவாகச் சீழ்க்கையடிக்கும். உட்கார்ந்திருந்தால் முகத்தில் மஞ்சள் தோல், இறகில்லாத மஞ்சள் கால். பாம்பின் பல்லுக்குத் தப்ப அந்தக் காலில் கடினமான செதில்கள் உண்டு. கருங்கழுகின் காலோ விரல் வரை இறகு மூடியது.

தேன்பருந்து இன்னொரு குழப்பம். கரிய தேன்பருந்து ஒன்று வட்டமிட்டால் அனுபவசாலியும் தயங்குவார். தலையைப் பாருங்கள்: நீண்ட கழுத்தின் நுனியில் புறாவின் தலையளவே இருக்கும், மற்றக் கழுகுகளின் கனத்த தலை இல்லை. சிறகு மட்டமாக இருக்கும், நுனியில் ஆறு விரல்கள். கண்ணுக்கும் அலகுக்கும் இடையில் செதில் போன்ற அடர்த்தியான சிறு இறகுகள் உள்ளன. குளவிக் கூட்டைக் கிளறும்போது கொடுக்குகளிலிருந்து காப்பது அவைதான். உள்நாட்டில் சில தங்கி வாழ்கின்றன, ஒக்டோபர் தொடக்கம் வடக்கிலிருந்தும் வருகின்றன.

வடக்கு மாகாணத்தில் வாழ்ந்து பழகியவர்கள் மலைநாட்டில் எதைக் கண்டாலும் கரும்பருந்து என்பதுண்டு. கவைத்த வாலுள்ள அந்தப் பருந்தின் இடம் வடக்கும் வடமேற்குக் கரையோரமும். ஈரமலைகளில் அதை எதிர்பார்க்க வேண்டியதில்லை.

உண்மையிலேயே அரிதான ஒன்றைக் கண்டிருக்கக்கூடிய இடமும் இந்த மலைகள்தான். நுவரெலியாவைச் சூழ்ந்த உயர்காடுகளில் மலைக் குடுமிக்கழுகு வாழ்கிறது. 1878இல் பறவையியலாளர் லெக் அதற்கு, இலங்கையில் பிறந்த மருத்துவரும் இயற்கையாளருமான கெலார்ட்டின் பெயரைச் சூட்டினார். நெடுங்காலம் இமயமலைப் பறவையின் ஒரு கிளையினமாகவே கருதப்பட்டது, 2008இல் தனி இனமென வாதிடப்பட்டது. இன்று இலங்கையும் தென்னிந்திய மேற்குத் தொடர்ச்சி மலையும் மட்டுமே அதன் இருப்பிடம். பெரிய உடல், அகன்ற சிறகு, நெடிய குடுமி, மார்பிலிருந்து கீழே குறுக்குப் பட்டைகள், விரல் வரை இறகுள்ள கால். தாழ்நிலத்துக் குடுமிக்கழுகு மலையடிவாரம் வரை ஏறி வரும். அதன் மார்பில் இருப்பவை நெடுக்குக் கோடுகள். குறுக்கா நெடுக்கா என்பதை ஒரு படத்தில் பிடித்துவிட்டால் விவாதம் முடிந்தது. செவ்வயிற்றுக் கழுகும் இதே காடுகளில் இருக்கிறது: கறுப்புத் தலை, வெண்தொண்டை, செங்கல் நிற வயிறு. கழுகுகளில் சிறியது, கூரிய சிறகுள்ள வேட்டைப் பறவையான பைரியைப் போல வேகமாகப் பாயும்.

சிறியவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். லயத்துக்குப் பக்கத்து மரங்களில் ஓணானும் எலியும் பிடிப்பது வல்லூறு, தொண்டைக் கோடு மங்கலாக இருக்கும். காட்டோரத்தில் கோடு தடித்து, வாலடி இறகுகள் பஞ்சுபோல வெண்மையாகப் புடைத்திருந்தால் கொண்டை வல்லூறு. அதற்கு ஆறு விரல்கள், வல்லூறுக்கு ஐந்து. பத்தனைப் புல்வெளிக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்து நிற்பது முதுகு செம்மண் நிறமானால் கெஸ்ட்ரல், வெள்ளை உடலும் கரிய தோளுமானால் கருந்தோள் பருந்து. செங்குத்துப் பாறையருகே கூரிய சிறகும் கறுப்பு முகமூடியும் செந்நிற வயிறுமாகப் பாய்வது ஷாஹீன் பைரி. புல்வெளிக்கு மேலே தாழப் பறந்து இரை தேடும் பூனைப்பருந்துகள் ஒக்டோபர் முதல் ஏப்ரல் வரை மட்டும் வரும். யூலை மாதம் ஒன்றைப் பார்த்ததாகத் தோன்றினால் இன்னொரு முறை பாருங்கள்.

தவறுகள் எங்கே நேர்கின்றன? அளவு பற்றிய மதிப்பீடுதான் முதலில் பொய்க்கும். வெறும் வானத்தில் அளவு தெரியாது. காகம் ஒன்று துரத்தி வரும் நேரத்துக்குக் காத்திருங்கள். வீட்டுக் காகம் 40 சென்ரிமீற்றருக்குச் சற்று மேல் நீளமுடையது. பக்கத்தில் அது சிறியதாகத் தெரிந்தால் கழுகு, சமமானால் சிறு பருந்தினம். ஒரே இனத்திலும் பெண் பறவை ஆணைவிடப் பெரியது என்பதை மறக்கக்கூடாது, பெரிய வல்லூறுப் பெண்ணைக் கொண்டை வல்லூறு என்று எழுதுவோர் நிறையப் பேர்.

அடுத்தது பறக்கும் நிலை. வட்டமிடும்போது விரித்த சிறகும் வாலும், சரிந்து பாயும்போது மடங்கிவிடும். கழுகின் மணிக்கட்டு முன்னே தள்ளி, நுனி கூராகி, சில நொடி பைரியாகவே தோன்றும். ஆகவே வட்டமிடும்போது மட்டும் அமைப்பை நம்புங்கள். இறகு உதிர்க்கும் பறவையில் இரு சிறகிலும் ஒரே இடத்தில் வெட்டு விழுந்திருக்கும், விரல் எண்ணிக்கை அப்போது உதவாது. வயிறு நிறையத் தின்ற பறவைக்குத் தொண்டைப் பை புடைத்து, கழுத்து தடித்துத் தெரியும்.

குரலை மட்டும் வைத்து எழுதுவது இன்னும் ஆபத்து. இலங்கை ஈரவலயக் காடுகளில் வாழும் துடுப்புவால் கரிச்சான் வேட்டைப் பறவைகளின் குரலை நேர்த்தியாக நடிக்கும். ஆபத்து நேரத்தில் அது இப்படிச் செய்வது இங்கேயே ஆராயப்பட்டிருக்கிறது. பறவையைப் பார்க்காமல் குரலுக்குப் பெயர் சூட்ட வேண்டாம்.

கெமராவும் போனும் வெண்மையான வானத்தைச் சராசரி ஒளியாக எடுத்துக்கொண்டு முழுப் படத்தையும் இருட்டாக்குகின்றன. திரையில் பறவையின் மேல் தொட்டு, ஒளியைக் கூட்டும் சறுக்கியை மேலே தள்ளுங்கள். கெமராவில் ஒளிஈடு (exposure compensation) +1 முதல் +2 வரை. வானம் வெளிறிப்போகட்டும், அடிவயிற்றுப் பட்டைகள் தெரிந்தால் போதும். ஒற்றைப் படத்தைவிட 10 நொடி வீடியோ சிறந்தது. சிறகை எப்படிப் பிடித்திருக்கிறது என்பது அதில் பதிவாகிறது, நல்ல சட்டகங்களைப் பின்பு பிரித்தெடுக்கலாம். பைனோகுலர் வாங்குவதானால் 8×42, அதாவது 8 மடங்கு பெரிதாக்கும், 42 மில்லிமீற்றர் முன்வில்லையுள்ளது, மலைநாட்டுக்கு ஏற்றது. 42ஐ 8ஆல் வகுத்தால் 5.25 மில்லிமீற்றர் ஒளிவட்டம் கண்ணுக்கு வருகிறது, மங்கல் ஒளியிலும் மூடுபனியிலும் பார்க்க அது உதவும். 10 மடங்கு பெரிதாக்குவது கைநடுக்கத்தையும் அவ்வளவு பெரிதாக்கும்.

கண்டதை நாள், நேரம், இடம், உயரம், வந்த திசை, துரத்திய பறவை ஆகியவற்றோடு இபேர்ட் (eBird) என்னும் பறவைப் பதிவு இணையத்தளத்தில் பதிவு செய்யலாம். உறுதியில்லாவிட்டால் இனத்தைத் திணிக்காமல் வேட்டைப் பறவை என்று மட்டும் பதியும் வசதி அங்கே உண்டு. சுமந்துபோகும் சுள்ளி, ஒரே மரத்துக்குத் திரும்பத் திரும்ப வருவது போன்றவை கூடு இருப்பதற்கு அறிகுறி. அந்த மரத்தின் இடத்தைப் பொதுவில் போடாதீர்கள், அடியில் கூட்டமாக நிற்கவும் வேண்டாம். கருங்கழுகு பெரும்பாலும் ஒரே ஒரு முட்டைதான் இடும். தொந்தரவால் தாய்ப்பறவை எழுந்துபோய் முட்டை குளிர்ந்துவிட்டால், அந்த இணைக்கு அந்த ஆண்டுக் குஞ்சு கிடைக்காமலே போகலாம்.