சுண்டிப் பார்த்தால் தொய்வு தெரியும்

"ஏற்காடு ஏறும்போது பார்க்கிறேன், வழியெல்லாம் கரண்ட் கம்பி தொங்கிக்கொண்டே வருகிறது. இழுத்துக் கட்ட மாட்டார்களா?" என்று கோரிமேட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

இழுத்துக் கட்டக் கூடாது. கம்பியின் தொய்வைப் பாதியாக்கினால் இழுவிசை இரண்டு மடங்காகிவிடும். நேர்க்கோடாக நிற்க வைக்க எந்த விசையும் போதாது; அதற்குள் கம்பி அறுந்துவிடும், இல்லையென்றால் கம்பம் சாய்ந்துவிடும். வெயில் வேறு இருக்கிறது. 50 மீட்டர் அலுமினியக் கம்பி 20 டிகிரி கூடுதலாகச் சூடானால் 2.3 சென்டிமீட்டர்தான் நீளும். ஆனால் 1 மீட்டர் தொய்வோடு கட்டிய கம்பியில், அந்தச் சின்ன நீட்சிக்கே நடுப்பகுதி 20 சென்டிமீட்டர் வரை இறங்கலாம். மார்கழிக் குளிரில் அதே கம்பி சுருங்கி விறைக்கும். அதனால் கட்டுகிற நாளின் வெப்பத்துக்கு ஏற்பத் தொய்வு விடுவார்கள்.

சரி, ஒரு கம்பம் மேட்டிலும் அடுத்தது பள்ளத்திலும் நிற்க, நடுவில் காப்பித் தோட்டம் மறைக்கிற இடத்தில் அந்தத் தொய்வை எப்படி அளப்பது? எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, கம்பத்துக்குப் பக்கத்தில் கம்பியின் மேல் ஒரு கயிற்றைப் போட்டு வெடுக்கென்று சுண்டுவார்கள். அந்தத் துடிப்பு அடுத்த கம்பம் வரை ஓடி, மோதித் திரும்பி வரும். கயிற்றைப் பிடித்த விரலில் அது தெரியும். போய்த் திரும்ப எத்தனை விநாடி என்று பார்த்து, அதை அதே எண்ணால் பெருக்கி, 0.307-ஆல் பெருக்கினால் மீட்டரில் தொய்வு வந்துவிடும். 1.8 விநாடி என்றால் 1 மீட்டர்.

கம்பியின் நீளம் வேண்டாம், எடை வேண்டாம், இழுவிசையும் வேண்டாம்! கம்பி கனமானால் துடிப்பு மெதுவாக ஓடும், தொய்வும் கூடும். விறைப்பாக இருந்தால் துடிப்பு விரையும், தொய்வு குறையும். நீளம் கூடினால் நேரமும் தொய்வும் சேர்ந்தே கூடும். கணக்கில் இவை மூன்றும் அடிபட்டுப்போய், மிஞ்சுவது புவியீர்ப்பு மட்டும்.

பதினொன்றாம் வகுப்பில் கம்பியில் ஓடும் அலையின் வேகத்துக்குச் சூத்திரம் படிக்கிறார்கள். ஆய்வகத்துக்குப் பணம் இல்லை என்று சொல்லும் பள்ளிகள்கூட இந்தச் சோதனையைச் செய்ய வைக்கலாம் என்பது என் உறுதியான கருத்து. மொட்டைமாடியில் துணி இல்லாத கொடிக்கயிறு போதும். ஓரத்தில் சுண்டி, மூன்று முறை திரும்பி வரும் நேரத்தைப் பாருங்கள். 2.7 விநாடி வந்தால், ஒரு முறைக்கு 0.9, தொய்வு 25 சென்டிமீட்டர். அப்புறம் ஸ்கேலை வைத்துச் சரிபாருங்கள். கரண்ட் கம்பிப் பக்கம் மட்டும் யாரும் போக வேண்டாம்.