முகப்புக்கும் பின்கட்டுக்கும் நடுவே நாலு நாற்காலி

காரைக்குடிப் பக்கம் நோயாளியைப் பார்க்க வீட்டுக்குப் போனால் நான் முதலில் கேட்பது, "பாத்ரூம் எங்க இருக்கு?" சிரிப்பார்கள். இந்தத் தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல் என்று நீளும் வீடுகள். கட்டில் முன்பக்கம், கழிவறை கடைசியில். நடுவில் வளவு என்கிற உள்முற்றம், அடுத்து இரண்டாங்கட்டு, தாண்ட வேண்டிய வாசற்படிகள். சிஓபிடி, அதாவது மூச்சுக்குழாய் அடைத்துக்கொள்ளும் நாள்பட்ட நுரையீரல் நோய், முற்றியவருக்கு அது மலையேற்றம்.

நான் சொல்லும் ஆச்சி பீடி, சிகரெட் தொட்டதில்லை. நாற்பது வருடம் விறகடுப்பு முன்னால் உட்கார்ந்து பலகாரம் சுட்டவர். அந்தப் புகையும் நுரையீரலைக் கெடுக்கும். சாயங்காலம் ஆனால் தண்ணீரே குடிப்பதில்லை என்பது மூன்றாவது முறை போனபோதுதான் தெரிந்தது. ராத்திரி எழுந்து நடக்கப் பயம்.

சிங்கப்பூரிலிருந்து மகன் போனில் கேட்டார்: "ஆக்சிஜன் மிஷின் வாங்கிப் போட்டுடலாமா டாக்டர்?" ஆச்சிக்கு விரலில் கருவி மாட்டிப் பார்த்தால் ரத்தத்தில் ஆக்சிஜன் 94 சதவீதம். நிலையாக 88 அல்லது அதற்குக் கீழே இருப்பவர்களுக்குத்தான் வீட்டு ஆக்சிஜன், அதுவும் தினம் 15 மணி நேரமாவது. 94 உள்ளவருக்கு அதனால் மூச்சுத்திணறல் குறையாது. இந்த நோயில் அளவு மீறினால் கரியமில வாயு தேங்கி மயக்கமே வரலாம். அதற்குப் பதில் கையில் பிடிக்கும் சின்ன மின்விசிறி வாங்கச் சொன்னேன். மூக்கிலும் கன்னத்திலும் குளிர்ந்த காற்று பட்டாலே திணறல் தணியும். பனையோலை விசிறியும் போதும், வீசத்தான் ஆள் வேண்டும்.

கட்டிலை இரண்டாங்கட்டுக்கு மாற்றினோம். போகிற வழியில் நாலு நாற்காலி. உட்கார்ந்து, முன்னால் சாய்ந்து, முழங்காலில் கையூன்றி, உதட்டைக் குவித்து மூச்சை விட வேண்டும். "ஊதுகுழல் ஊதுற மாதிரி ஆச்சி, ஆனா மெதுவா." அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. இப்போது கட்டிலருகே ஒரு செம்புத் தண்ணீர் இருக்கிறது.

நோயின் அவதியைக் குறைக்கிற இதுதான் நோய் ஆதரவு சிகிச்சை (பாலியேட்டிவ் கேர்). புற்றுநோய்க்கு மட்டும், அதுவும் கைவிட்ட பிறகு தருவது என்றே பலர் நினைக்கிறார்கள். இன்ஹேலரை நிறுத்தாமலே, பல வருடம் முன்பே தொடங்கலாம். 2021-ல் வந்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் இது உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். எல்லாம் செய்தும் உட்கார்ந்த இடத்திலேயே மூச்சு முட்டினால், சிலருக்கு மிகக் குறைந்த அளவு மார்ஃபின் தருவோம். மலச்சிக்கல் வரும், எனவே கூடவே அதற்கும் மருந்து. டாக்டர் மேற்பார்வை இல்லாமல் கூடாது.

அப்புறம், வென்டிலேட்டர் பேச்சு. ராத்திரி இரண்டு மணிக்கு 108 வண்டியில் வைத்துப் பேசுகிற விஷயமில்லை அது. ஆச்சி தெளிவாக இருந்த ஒரு காலையில் கேட்டேன்.

"மூஞ்சில மாட்டுற மாஸ்க் போதும் தம்பி. தொண்டையில குழாய் வேணாம்."

கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டு மகனிடம் சொன்னேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "சரி டாக்டர்," என்றார். "தங்கச்சிகிட்ட நானே பேசுறேன். அவ ஒத்துக்க மாட்டா, நாளாகும்."