பெட்டியில் உள்ள 38 இன்ச், ஸ்கேல் நீளம் அல்ல

"விரல் எட்டவில்லை. 41 இன்ச் வாங்கியது தப்பாகிவிட்டது. 38 இன்ச்சுக்கு மாறிவிடட்டுமா?"

கிடார் பழுது பார்க்கும் இடங்களில் ஓயாமல் கேட்கும் கேள்வி இது. கேட்பவரைக் குறை சொல்ல முடியாது. கடையிலும் இணையத்திலும் அப்படித்தான் எழுதி விற்கிறார்கள். ஆனால் இந்த ஒரு குழப்பத்தால் நல்ல கிடாரைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டு, அதைவிட மட்டமான ஒன்றை வாங்கி, அதுவும் வலிக்கிறது என்று வாசிப்பதையே விட்டுவிடுகிறார்கள். அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

38, 39, 40, 41 என்று பெட்டியில் போட்டிருப்பது கிடாரின் மொத்த நீளம். தலையின் நுனியிலிருந்து உடலின் அடிவரை டேப் பிடித்தால் வரும் அளவு. பை வாங்க அது உதவும். விரலுக்குத் தெரிவது ஸ்கேல் நீளம், அதாவது நட்டுக்கும் (தலைப்பக்கம் கம்பிகள் பதியும் பள்ளங்கள் உள்ள சிறு துண்டு) சேடிலுக்கும் (உடல் பக்கம் கம்பிகள் தங்கும் துண்டு) இடையே கம்பி அதிர்கிற தூரம். தலையைச் சிறிதாக்கி, உடலைக் குறுக்கி, மொத்தத்தில் 2, 3 இன்ச் குறைத்துவிட்டு, ஸ்கேலை ஏறக்குறைய முழு அளவிலேயே வைத்திருக்கும் கிடார்கள் சந்தையில் இருக்கின்றன. அப்படி ஒன்றை வாங்கினால் எஃப் கார்டுக்கு விரல் விரிய வேண்டிய தூரம் அப்படியேதான் இருக்கும். உடல் சிறுத்ததால் ஒலிதான் மெலியும்.

குழந்தைகளுக்கென்று விற்கும் 3/4 கிடாரிலும் இதே குழப்பம். முழு அளவு கிளாசிக்கல் கிடாரின் ஸ்கேல் 650 மி.மீ. அதில் முக்கால் என்றால் 487 வர வேண்டும். ஆனால் 3/4 கிடாரை அளந்தால் பெரும்பாலும் 580-ஐ ஒட்டித்தான் இருக்கும். பெயரில் உள்ள பின்னத்தை நம்பாதீர்கள், அளந்து பாருங்கள்.

நட்டில் ஃபிரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) பக்கத்து விளிம்பிலிருந்து 12-ஆம் ஃபிரெட்டின் முதுகு நடு வரை எஃகு அளவுகோலால் அளந்து, இரண்டால் பெருக்குங்கள். அதுதான் ஸ்கேல். நட்டிலிருந்து சேடில் வரை நேராக அளக்காதீர்கள். கம்பியை அழுத்தும்போது சுருதி சற்று ஏறும். அதை ஈடுகட்டச் சேடிலை மெல்லிய கம்பிப் பக்கம் 2 மி.மீ. அளவிலும், தடித்த கம்பிப் பக்கம் 4, 5 மி.மீ. அளவிலும் பின்னால் தள்ளி வைத்திருப்பார்கள். அந்த அளவையும் சேர்த்துக்கொண்டால் கணக்கு தப்பும்.

இனி எண்களைப் பார்க்கலாம். ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் 648 மி.மீ., மார்ட்டின் டிரெட்நாட் 645, பிஆர்எஸ் 635, கிப்சன் லெஸ் பால் ஏட்டளவில் 628, ஃபெண்டர் ஜாகுவாரும் மஸ்டாங்கும் 610. முதல் ஃபிரெட்டிலிருந்து நான்காம் ஃபிரெட் வரை உள்ள தூரம் ஸ்ட்ராட்டில் 97 மி.மீ., லெஸ் பாலில் 94, மஸ்டாங்கில் கிட்டத்தட்ட 92. ஸ்ட்ராட்டுக்கும் லெஸ் பாலுக்கும் நான்கு விரலுக்குச் சேர்த்தே 3 மி.மீ.தான் வித்தியாசம். 580 ஸ்கேலுக்கு வந்தால் 87 மி.மீ. ஆகிறது. சின்னக் கைக்கு அது உண்மையான உதவி.

எட்டும் தூரத்தைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் இழுவிசையைக் கவனிப்பதில்லை. ஒரே கம்பியை ஒரே சுருதிக்கு ஏற்றினால், இழுவிசை ஸ்கேல் நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்து மாறும். 10 கேஜ் (தடிமன் ஓர் இன்ச்சில் ஆயிரத்தில் 10 பங்கு) மெல்லிய ஈ (E) கம்பி 648 ஸ்கேலில் சுமார் 7.3 கிலோ இழுக்கும், 628-இல் 6.9, 610-இல் 6.5. லெஸ் பாலில் கம்பியை இழுத்து வளைப்பது சுலபம் என்று விரல் உணர்வதற்கு இதுவே முக்கியக் காரணம். கமகத்துக்காகக் கம்பியைப் பக்கவாட்டில் இழுப்பவர்களுக்கும் இந்த ஆறு சதவீதம் பெரிய விஷயம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. தளர்ந்த கம்பி அகலமாக அதிரும், ஃபிரெட்டில் உரசி இரையும். கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலே சுருதி ஏறிவிடும். ஆகவே ஸ்கேல் குறைந்தால் கம்பி தடிக்க வேண்டும். ஸ்ட்ராட்டில் 10 கேஜ் செட்டின் (மெல்லிய கம்பியை வைத்துச் சொல்லும் பெயர்) இறுக்கம் பிடித்திருந்தால் லெஸ் பாலில் 10.5, மஸ்டாங்கில் 11 போடுங்கள். சின்ன அகூஸ்டிக்கில் மென்மையாக இருக்குமென்று 10 போட்டுவிட்டு கிடார் சரியில்லை என்று கொண்டுவருகிறார்கள். அதில் 12 போட்டால் பாதிப் புகார் அங்கேயே தீர்ந்துவிடும். கேஜை மாற்றினால் இன்டோனேஷனையும் (மேல் ஃபிரெட்களிலும் சுருதி சரியாக வருகிறதா என்பதை) மறுபடி சரிபார்க்க வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். 3/4 கிளாசிக்கல் கிடாரில் ஸ்டீல் கம்பி போடாதீர்கள். முழு அளவில் ஒரு நைலான் செட் மொத்தம் 40 கிலோ அளவில் இழுக்கும். 12 கேஜ் ஸ்டீல் செட் 70 கிலோவைத் தாண்டும். நைலானுக்காகச் செய்த மெல்லிய பலகை அதைத் தாங்காது. முன்பலகை புடைக்கும், பிரிட்ஜ் (சேடிலைத் தாங்கும் கட்டை) பிய்ந்து வரும்.

சரி, வலிக்கு ஸ்கேல்தான் காரணமா? கிடாரை விற்பதற்கு முன் ஐந்து நிமிடம் செலவழியுங்கள். வழக்கமான சுருதியிலேயே முதல் ஃபிரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அழுத்தும் கிளிப்) மாட்டி, அதே கார்டுகளைப் பிடித்துப் பாருங்கள். சட்டென்று சுலபமானால் குற்றவாளி நட். அதன் பள்ளங்கள் ஆழம் போதவில்லை, அரத்தால் இறக்கினால் போதும். அடுத்து எல்லாக் கம்பிகளையும் அரைக்கட்டை இறக்கி, கேப்போவை அதே இடத்தில் மாட்டுங்கள். இப்போது 648 ஸ்கேல் கிடார் ஏறக்குறைய 612 ஸ்கேல் கிடாராக, வழக்கமான சுருதியில் உங்கள் கையில் இருக்கும். இழுவிசையும் ஃபிரெட் இடைவெளியும் அந்த அளவுக்கே வந்துவிடும். முதல் சோதனையில் தெரியாத சுகம் இதில் தெரிந்தால் மட்டும் குறைந்த ஸ்கேல் கிடார் தேடுங்கள்.

நட்டைத் தனியாகவும் பார்க்கலாம். மூன்றாம் ஃபிரெட்டை ஒட்டிக் கம்பியை அழுத்திக்கொண்டு, முதல் ஃபிரெட்டின் மேல் உள்ள இடைவெளியைப் பாருங்கள். ஒரு தாள் நுழையும் அளவு போதும். விசிட்டிங் கார்டே நுழைந்தால் நட் உயரம். 12-ஆம் ஃபிரெட்டின் மேல் கம்பி உயரம் அகூஸ்டிக்கில் தடித்த ஈ-க்கு 2.5 மி.மீ., மெல்லிய ஈ-க்கு 2 மி.மீ. இருக்கலாம். விலை மலிந்த புதுக் கிடார்களில் 3.5, 4 மி.மீ.கூட இருக்கும். அந்த உயரத்தில் எந்த ஸ்கேலும் வலிக்கும். செட்டப் (நட்டையும் கம்பி உயரத்தையும் சரிசெய்வது) செய்யாத கிடாரை வைத்து ஸ்கேலைப் பற்றி முடிவெடுக்காதீர்கள்.

ஒலி விஷயத்திலும் ஒரு தெளிவு வேண்டும். லெஸ் பாலின் தடித்த ஒலிக்கு ஸ்கேல்தான் காரணம் என்பார்கள். ஹம்பக்கர், சிங்கிள் காயில் என்ற இரண்டு வகைப் பிக்கப்புகளுக்கு (கம்பியின் அதிர்வை மின்குறியாக்கும் பாகம்) இடையே உள்ள வித்தியாசம் அதைவிட மிகப் பெரியது. ஸ்கேலின் பங்கு தடித்த கம்பிகளில்தான் நன்றாகக் கேட்கும். தடித்த கம்பிக்கு விறைப்பு அதிகம். நீளமும் இழுவிசையும் குறையக் குறைய அதன் மேல்சுரங்கள் சுருதி விலகி, ஒலி கலங்கும். நீள ஸ்கேலில் அதே கம்பி மணிபோல் தெளிந்து நிற்கும். 628 ஸ்கேலில் 46 கேஜ் தடித்த கம்பியை ஈ-யிலிருந்து சி-க்கு இறக்கினால் இழுவிசை ஐந்து கிலோவுக்கும் கீழே போய்விடும். அங்கே ஆம்ப்பைத் திருகிப் பயனில்லை. 56 கேஜ் போடுங்கள், இல்லையென்றால் 686 மி.மீ.க்கு மேல் உள்ள பாரிட்டோனுக்கு (தாழ்ந்த சுருதிக்கான நீள ஸ்கேல் கிடார்) போங்கள்.

கோபம் வரவழைக்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் தனி நெக் (கிடாரின் கழுத்து) வாங்கி, ஸ்கேல் பார்க்காமல் மாட்டிக்கொண்டு வராதீர்கள். நெக்கில் உள்ள ஃபிரெட் ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட ஸ்கேலுக்குக் கணக்குப் போட்டு வெட்டியது. 628-க்கு வெட்டிய நெக்கை மாட்டி, நட்டிலிருந்து சேடில் வரை 648 வந்துவிட்டால், 12-ஆம் ஃபிரெட் அரைச்சுரத்தில் பாதிக்கும் மேல் தாழ்ந்து பேசும். சேடில் திருகின் ஓட்டம் சில மி.மீ.தான், அது இதற்குப் போதாது. பிரிட்ஜைப் பெயர்த்து இடம் மாற்றுவது ஒன்றே வழி. ஸ்ட்ராட் உடலுக்கென்றே, அதே பிரிட்ஜுக்கு நட்டிலிருந்து சேடில் வரை 628 வரும்படி, கன்வெர்ஷன் நெக் செய்கிறார்கள். நெக் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் அதைக் கேட்டு வாங்குங்கள்.

வெயிலில் காருக்குள் வைத்து பிரிட்ஜ் கிளம்பிய அகூஸ்டிக்கை வீட்டில் ஒட்டுபவர்களுக்கும் இதே எச்சரிக்கை. 3 மி.மீ. முன்னால் தள்ளி ஒட்டினாலே 12-ஆம் ஃபிரெட் எட்டு சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் எட்டு பங்கு) ஏறிவிடும். பசை காய்ந்த பிறகு அதைத் திருத்துவது முதல் ஒட்டலைவிடப் பெரிய வேலை. பசை தொடுவதற்கு முன் 12-ஆம் ஃபிரெட்டிலிருந்து இரண்டு ஈ கம்பிகளின் சேடில் இடத்துக்கும் அளந்து, பென்சிலால் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.